நள்ளிரவு ஃபேக்ஸும் நினைவுநூலும்

மத்திய அமைச்சராகப் பதவியேற்கிறவர் இரண்டு பிரமாணம் எடுக்கிறார். ஒன்று பதவிப் பிரமாணம், மற்றது ரகசியக் காப்புப் பிரமாணம். தொலைக்காட்சியில் இரண்டும் ஒரே மூச்சில் ஓடிவிடுவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அரசியலமைப்பின் மூன்றாவது அட்டவணையில் இரண்டுக்கும் தனித்தனிப் படிவம் இருக்கிறது. அமைச்சர் என்ற முறையில் என் கவனத்துக்கு வந்த எதையும், கடமையைச் செய்ய அவசியமானால் ஒழிய, நேராகவோ சுற்றிவளைத்தோ யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பது இரண்டாவதன் சாரம். பதவி போன மறுநாள் இது காலாவதியாகிவிடும் என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

குடியரசுத் தலைவர் எடுக்கும் பிரமாணம் 60ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. அதில் ரகசியம் என்ற பேச்சே இல்லை. அரசியலமைப்பையும் சட்டத்தையும் காப்பேன், மக்களின் நலனுக்காக உழைப்பேன், அவ்வளவுதான்.

ராஷ்டிரபதி பவனிலிருந்து வெளியே வந்தவர்கள் எழுதிய நூல்கள், அமைச்சர்கள் எழுதியவற்றைவிட ஒரு பிடி கூடுதலாகப் பேசுவதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆர். வெங்கட்ராமன் 1992 ஜூலையில் பதவியை முடித்தார். 1994இல் அவருடைய நூல் கடைக்கு வந்துவிட்டது. ஐந்தாண்டில் ராஜீவ் காந்தி, வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் என்று நான்கு பிரதமர்களைப் பார்த்தவர். நூல் வந்தபோது அவர்களில் மூவர் உயிரோடு இருந்தார்கள், ஒருவர் பிரதமர் நாற்காலியிலேயே இருந்தார். இந்தத் துணிச்சலை ஒரு முன்னாள் நிதியமைச்சரிடம் எதிர்பார்க்க முடியாது. (வெங்கட்ராமனே நிதி, பாதுகாப்பு இரண்டுக்கும் அமைச்சராக இருந்தவர்தான். அந்தக் காலத்துக்கு எடுத்த பிரமாணம் அந்தக் காலத்துச் சங்கதிகளை இன்னும் கட்டியிருந்தது.)

இந்த வகை நூல்களைப் படித்துவிட்டு நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: “முக்கியமானதை எல்லாம் விட்டுட்டாரு.” விட்டதென்னவோ உண்மை. ஆனால் எல்லா மௌனமும் ஒரே ரகம் அல்ல. சட்டம் வாயைக் கட்டியதால் வரும் மௌனம் ஒன்று. கையில் காகிதம் இல்லாததால் வருவது இன்னொன்று. சம்பந்தப்பட்டவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், அல்லது நாளைக்கு அவர் தயவு வேண்டும் என்பதால் வருவது மூன்றாவது. சொன்னால் தன் பெயர் கெடும் என்பது கடைசி. நாம் எடுத்த எடுப்பில் சந்தேகப்படுவது கடைசியைத்தான். முதல் மூன்றையும் கழித்துப் பார்த்தால் அதற்கு மிஞ்சுவது நாம் நினைப்பதைவிடக் குறைவு. எந்த மௌனம் எந்த ரகம் என்று பிரித்தறிவதுதான் இந்த நூல்களைப் படிக்கும் வித்தை.

காகிதத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

நம் அரசு அலுவலகக் கோப்புக்கு இரண்டு பகுதி. ஒரு பக்கம் குறிப்புகள், பெரும்பாலும் பச்சைத் தாளில். மறுபக்கம் கடிதப் போக்குவரத்து. குறிப்புப் பக்கத்தில் பிரிவு அலுவலர் தொடங்கி, சார்புச் செயலர், துணைச் செயலர், இணைச் செயலர், செயலர் என்று பத்தி எண் போட்டு ஒருவர்மேல் ஒருவர் எழுதிக்கொண்டே போவார்கள். உச்சியில் அமைச்சர் ஒரே சொல்லில் ஒப்புதல் தருவார், அல்லது கையெழுத்து மட்டும் போடுவார். ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது, யார் எதிர்த்தார், எந்த இடத்தில் வாசகம் மாறியது என்பதெல்லாம் இந்தப் பச்சைத் தாளில்தான் இருக்கிறது. பதவி போகும்போது அந்தக் கோப்பு அங்கேயே இருந்துவிடும். அமைச்சர் வீட்டுக்கு எடுத்துப்போவது எதை? சொந்த டைரி, தனிப்பட்ட கடிதங்களின் நகல், புகைப்படங்கள், பத்திரிகைத் துணுக்குகள், பேசிய பேச்சுகளின் அச்சுப்படி. நாடாளுமன்ற விவாதமோ சொல்லுக்குச் சொல் அச்சாகிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பத்தாண்டு கழித்து எழுத உட்காரும்போது மேஜைமேல் இருப்பது இவைதான். நம் தலைவர்களின் நூல்களில் சொற்பொழிவும் கடிதமும் பக்கம் பக்கமாக நிரம்பி வழிவதைத் தற்பெருமை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. கையில் இருந்த சரக்கு அது. கலைஞரின் ‘நெஞ்சுக்கு நீதி’ ஆறு பாகம், பத்திரிகைத் தொடராக வளர்ந்தது. அறிக்கை, கடிதம், சட்டமன்றப் பேச்சு, பத்திரிகைச் செய்தி என்று ஆவணத்துக்குமேல் ஆவணமாக அடுக்கும் அந்த முறையைப் பாருங்கள். சொந்தப் பத்திரிகை வைத்திருந்தவருக்கு அதன் பழைய இதழ்களே ஒரு ஆவணக் காப்பகம். கோப்பு கிடைக்காதவருக்கு இது பெரிய பலம். வாசகருக்கு இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: பத்திரிகையில் வந்ததுதான் நூலிலும் வரும், வராதது வராது.

எழுதாமலே போனவர்களும் இருக்கிறார்கள். 1964இல் லால் பகதூர் சாஸ்திரியையும் 1966இல் இந்திரா காந்தியையும் பிரதமராக்கிய காமராஜர் நினைவுநூல் என்று ஒன்றும் விட்டுச்செல்லவில்லை. அந்த இரண்டு தேர்வுகளின்போதும் அவர் மனத்தில் என்ன கணக்கு ஓடியது என்பதைக் கூட இருந்தவர்கள், எதிரே இருந்தவர்கள் சொன்னதிலிருந்து தைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

காகிதத்தைக் கையோடு எடுத்துப்போனவர் என்றால் சர்ச்சில். 1945 தேர்தலில் தோற்று வெளியேறும்போது, போர்க்காலத்தில் தான் எழுதிய குறிப்பாணைகளையும் தந்திகளையும் பயன்படுத்த ஏற்பாடு செய்துகொண்டார். 1948 தொடங்கி 1953 வரை ஆறு தொகுதி வந்தது. ஒரு குழுவே உட்கார்ந்து வேலை பார்த்தது: வரலாற்றுக்கு ஒருவர், தரைப்படைக்கு ஒரு தளபதி, கடற்படைக்கு ஒரு அதிகாரி. அமைச்சரவைச் செயலர் நார்மன் புரூக் கையெழுத்துப்படியைப் படித்துத் திருத்தமும் சொன்னார். படிக்கிறவருக்குக் கிடைப்பது அசல் ஆவணம் என்ற நம்பிக்கை. அதில்தான் கண்ணி. அச்சானவை பெரும்பாலும் சர்ச்சில் அனுப்பியவை, வந்த பதில்கள் அபூர்வம். ஒருவர் ஃபோனில் பேசுவதை இந்தப் பக்கம் இருந்து கேட்பதுபோல. அவர் கேள்விகள் எல்லாம் கூர்மையாகவும் தீர்க்கதரிசனமாகவும் தெரியும். அந்தக் கேள்விக்குத் தளபதிகள் என்ன பதில் சொன்னார்கள், யோசனை ஏன் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்பது தெரியாது.

அதே நூலில் சட்ட மௌனத்துக்கும் உதாரணம் இருக்கிறது. ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை பிரிட்டன் உடைத்துப் படித்துவந்தது சர்ச்சிலுக்குத் தெரியும். தினமும் அந்தச் செய்திகளைப் படித்தவர் அவர். ஆறு தொகுதியிலும் அது இல்லை, இருக்கவும் முடியாது. 1974இல்தான் அந்த ரகசியம் பொதுவெளிக்கு வந்தது. இருபதாண்டுக் காலம் உலகம் படித்த போர் வரலாற்றில், எதிரியின் அடுத்த நகர்வைச் சர்ச்சில் எப்படி ஊகித்தார் என்ற கேள்விக்கு இருந்த பதிலெல்லாம் அரைகுறை. மூன்றாவது ரக மௌனமும் உண்டு: கடைசித் தொகுதி வெளிவரும்போது அவர் மறுபடி பிரதமர், ஐசனோவர் அமெரிக்க அதிபர். 1945இல் நேச நாட்டுப் படைத் தளபதியாக இருந்த அதே ஐசனோவரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாடுகள் அச்சில் மென்மையாகிவிட்டன. நாளைக் காலையில் அவரோடு பேச வேண்டுமே.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி. ஒருகாலத்தில் அதிபரின் காகிதம் அதிபரின் சொத்து. 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றியது. 1981 ஜனவரி 20க்குப் பிறகு உருவான காகிதமெல்லாம் அரசுடைமை, தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பு. ஆனாலும் முன்னாள் அதிபர் தன் காலத்துக் காகிதத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம். பழைய முறைப்படி காகிதத்தோடு போன கடைசி அதிபர் கார்ட்டர். பதவியில் இருந்தபோது பேசிப் பதிந்து தட்டச்சாகிய அவருடைய நாட்குறிப்பு சுமார் 5,000 பக்கம். 1982இல் நினைவுநூல் எழுதினார். 2010இல் அந்த நாட்குறிப்பிலிருந்தே தேர்ந்தெடுத்து, பின்னாளில் தோன்றிய கருத்துகளைத் தனியாகக் குறித்து, இன்னொரு நூல் வெளியிட்டார். ஒரே ஆள், ஒரே சம்பவம், அன்றிரவு சொன்னது ஒன்று, பதவி போனபின் எழுதியது ஒன்று, கிழவரானபின் ஓரத்தில் குறித்தது ஒன்று. நினைவுநூல் என்ற வகை எப்படி உருமாறுகிறது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

இனி அந்த ஃபேக்ஸ்.

2005 பிப்ரவரித் தேர்தலில் பீகாரில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆட்சி. மே 21 அன்று ஆளுநர் பூட்டா சிங், ஆள் இழுக்கும் வேலை நடக்கிறது, சட்டமன்றத்தைக் கலைக்கலாம் என்று டெல்லிக்கு அறிக்கை அனுப்புகிறார். மே 22 இரவு சுமார் 11 மணிக்கு மத்திய அமைச்சரவை கூடிப் பரிந்துரையை ஏற்கிறது. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அப்போது மாஸ்கோவில். ஃபேக்ஸ் அங்கே போய்ச் சேர்ந்தது இந்திய நேரம் அதிகாலை 1.52க்கு. அவருடைய ஒப்புதல் டெல்லிக்குத் திரும்பி வந்தது 3.50க்கு. மே 23 பிற்பகல் 2.30க்கு அறிவிக்கை வெளியானது. இந்த மணிக்கணக்கெல்லாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. மாஸ்கோ கடிகாரம் அந்த மாதத்தில் நமக்கு ஒன்றரை மணி பின்னால். ஆக, அவர் கைக்கு அது வந்தபோது அங்கே நள்ளிரவு 12.22. நடுவே இருந்தது 118 நிமிடம்.

வழக்கு ஐந்து நீதிபதிகளிடம் போனது. கலைப்பு அரசியலமைப்புக்குப் புறம்பானது என்று 2005 அக்டோபர் 7 அன்று சுருக்க உத்தரவு, 2006 ஜனவரி 24 அன்று முழுத் தீர்ப்பு. மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். புதிய தேர்தல் அதற்குள் தொடங்கிவிட்டதால் பழைய சட்டமன்றம் மீட்கப்படவில்லை. இந்த வழக்கில் கலாம் தன் தரப்பைச் சொல்ல வழியே கிடையாது. 361ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் தன் பதவிச் செயலுக்கு எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. 74ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி அமைச்சரவை அவருக்கு என்ன ஆலோசனை சொன்னது என்பதை நீதிமன்றம் விசாரிக்க முடியாது. எனவே தீர்ப்பில் நிமிடக் கணக்கு இருக்கிறது, மனிதர் இல்லை.

மனிதர் வருவது 2012இல், ‘டர்னிங் பாயின்ட்ஸ்’ நூலில். தீர்ப்புக்குப் பிறகு ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்ததையும், அதைக் குடியரசுத் துணைத் தலைவரிடம் கொடுக்கலாம் என்றால் அவர் ஊரில் இல்லை என்பதையும், இடையில் பிரதமர் மன்மோகன் சிங் வந்து கேட்டுக்கொண்டதால் மனம் மாறியதையும் கலாம் அதில் எழுதினார். ஏழு ஆண்டு கழித்து, வேறெந்த அரசு ஆவணத்திலும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு தகவல். நினைவுநூலின் தனிச் சரக்கு என்பது இதுதான்: கொடுக்கப்படாத கடிதம், சொல்லப்படாத பதில், கிட்டத்தட்ட நடந்துவிட்ட ஒன்று. பச்சைத் தாள் நடந்ததை மட்டும்தான் பதிவுசெய்யும்.

ஆனாலும் அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது வாசகர் கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு, அமைச்சரவையின் ஆலோசனையை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று குடியரசுத் தலைவர் ஒருமுறை திருப்பி அனுப்பலாம். கே.ஆர். நாராயணன் அப்படியே செய்தார்: 1997இல் உத்தரப் பிரதேசம், 1998இல் இதே பீகார். எட்டு ஆண்டுக்குள் இரண்டு முன்னுதாரணம். அப்படியிருக்க, அந்த 118 நிமிடத்தில் ‘திருப்பி அனுப்பு’ என்ற வழி எந்த அளவுக்கு யோசிக்கப்பட்டது? கலாமைக் குறைசொல்ல இதைக் கேட்கவில்லை. கேள்வி இல்லாமல் நூலைத் திறந்தால் நாம் ஆசிரியரின் மனநிலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அவரோடு சேர்ந்து வருத்தப்பட்டுவிட்டு வந்துவிடுவோம்.

அதே நூலில் 2004 மே மாதத்துச் சங்கதியும் உண்டு. சோனியா காந்தி பிரதமராவதற்குக் கலாம் தடை சொன்னார் என்று எட்டு ஆண்டாக ஊரெல்லாம் பேச்சு. சோனியாவைப் பிரதமராக நியமிக்கும் கடிதம் தயாராகவே இருந்தது, மன்மோகன் சிங் பெயரைச் சொன்னபிறகு அதை மாற்றித் தயாரிக்க வேண்டியதாயிற்று என்று அவர் எழுதியதும் அந்தப் பேச்சின் அடிமரம் ஆட்டம் கண்டது. எட்டு ஆண்டு ஏன் காத்திருந்தார் என்று கேட்டவர்கள் உண்டு. பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் வதந்திக்கு மறுப்பறிக்கை விட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்?

ஒரே சம்பவத்துக்கு எதிரெதிர்த் தரப்பு இரண்டு நூல் கிடைப்பது வாசகருக்கு அடித்த யோகம். நமக்கு அப்படி ஒன்று வாய்த்திருக்கிறது. 1991 ஜனவரி 30 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டபோது ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்திருந்தார். மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் 356ஆம் பிரிவில் ஆளுநரின் அறிக்கையின் பேரில், ‘அல்லது வேறு வகையில்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. அந்த ‘வேறு வகையில்’தான் அன்று வேலை செய்தது. கையெழுத்திட்டவர் வெங்கட்ராமன், ஆட்சியை இழந்தவர் கருணாநிதி. இருவரும் தஞ்சை மாவட்டத்துக்காரர்கள், இருவரும் எழுதியவர்கள். இந்த இரண்டு பேரையும் அடுத்தடுத்துப் படிக்காமல் அந்த நாளைப் பற்றி முடிவான கருத்துச் சொல்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. 1994 மார்ச்சில், கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கின் தீர்ப்பு வந்து 356க்குக் கடிவாளம் போட்டது. அதற்கு முன்பு எழுதப்பட்டதா, பின்பு எழுதப்பட்டதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தீர்ப்புக்குப் பின் எழுதுகிறவருக்குத் தன்னைத் தற்காத்துக்கொள்ள வேண்டிய சுமை கூடிவிடுகிறது.

அனுமதி விவகாரம். பிரிட்டனில் ரிச்சர்ட் கிராஸ்மன் என்ற அமைச்சர் அமைச்சரவையில் யார் என்ன பேசினார் என்பதை வரிவிடாமல் டைரியில் எழுதிவைத்து 1974இல் இறந்துபோனார். அச்சிடத் தடை கேட்டு அரசு வழக்குப் போட்டது. பத்தாண்டுக்கு முந்திய பேச்சு, இனி ரகசியம் காக்க அவசியமில்லை என்று 1975இல் நீதிமன்றம் தடை தர மறுத்தது. அடுத்த ஆண்டு ராட்கிளிஃப் குழு உட்கார்ந்து, உள்விவகாரங்களுக்கு 15 ஆண்டு பொறுங்கள், கையெழுத்துப்படியை அமைச்சரவைச் செயலரிடம் காட்டுங்கள் என்று விதி வகுத்தது. அமெரிக்காவில் முன்கூட்டிக் காட்டி ஒப்புதல் பெறும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட உளவுத்துறை அதிகாரி ஸ்னெப் காட்டாமல் வெளியிட்டார். 1980இல் உச்ச நீதிமன்றம் நூலின் வருமானத்தை அரசுக்குக் கொடுக்கச் சொன்னது. 2020இல் டிரம்பின் முன்னாள் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்ட்டன் நூலுக்கு அரசு தடை கேட்டபோது நீதிபதி தரவில்லை. பிரதிகள் ஏற்கெனவே நாடெங்கும் கடைகளுக்குப் போய்விட்டிருந்தன, இனித் தடை போட்டு என்ன பயன் என்பது முக்கியமான காரணம். நம் ஊரில் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் எல்லார் தலைமேலும் தொங்குகிறது. உளவு, பாதுகாப்பு நிறுவனங்களில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் துறைத் தலைவரின் முன் அனுமதியின்றித் தம் துறை விஷயங்களை வெளியிடக் கூடாது என்று 2021 மே மாதத்தில் ஓய்வூதிய விதியும் திருத்தப்பட்டது. மீறினால் கை வைக்கப்படுவது ஓய்வூதியத்தில். நூலாசிரியரைச் சிறையைவிட அது வேகமாக யோசிக்கவைக்கும்.

இதையெல்லாம் தாண்ட மனிதர்கள் கண்டுபிடித்த குறுக்குவழிகள் சுவாரஸ்யமானவை. மௌலானா ஆசாத் தன் நினைவுநூலை உருதுவில் சொல்லச் சொல்ல ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதினார். சுமார் 30 பக்கத்தை மட்டும் முத்திரையிட்டுக் கல்கத்தா தேசிய நூலகத்திலும் டெல்லி ஆவணக் காப்பகத்திலும் வைத்தார்கள். ஆசாத் 1958 பிப்ரவரியில் மறைந்தார், நூல் அடுத்த ஆண்டு வந்தது, முத்திரை உடைந்தது 1988இல். முப்பதாண்டு எதிர்பார்ப்புக்குப் பிறகு கிடைத்தது நேரு உள்ளிட்ட சகாக்கள் பற்றிய இன்னும் கொஞ்சம் காரமான வாக்கியங்கள்தான், வெடிகுண்டு ஒன்றும் இல்லை. உறை கிளப்பிய பரபரப்பை உள்ளே இருந்தது ஈடுசெய்யவில்லை. நரசிம்ம ராவ் வேறு வழி பிடித்தார், 1998இல் நாவலாகவே எழுதிவிட்டார். கதாநாயகன் பெயர் ஆனந்த், ஊரும் பேரும் மாற்றம். ஆனால் எல்லாரும் காத்திருந்த பிரதமர் காலத்தை நாவல் தொடவே இல்லை. பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6 பற்றி அவர் எழுதியது அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து, 2006இல் தனி நூலாக வந்தது.

இதிலெல்லாம் உச்சம் யுலிசஸ் கிரான்ட். 1884இல் பங்குதாரர் மோசடியால் மொத்தப் பணமும் போய், தொண்டைப் புற்றுநோயும் வந்த நிலையில் முன்னாள் அமெரிக்க அதிபர் எழுத உட்கார்ந்தார். மார்க் ட்வெய்னின் பதிப்பகம் தாராளமான பங்கு தர ஒப்புக்கொண்டது. 1885 ஜூலையில் எழுதி முடித்தார், அதே மாதம் 23ஆம் தேதி இறந்தார். மனைவிக்குப் போன முதல் காசோலையே 2,00,000 டாலர். அமெரிக்கத் தலைவர்கள் எழுதியவற்றில் மிகச் சிறந்தது என்று பலர் இன்றும் சொல்லும் இரண்டு தொகுதி. அதில் எட்டாண்டு அதிபர் பதவியைப் பற்றி அத்தியாயமே கிடையாது, உள்நாட்டுப் போரோடு முடிந்துவிடுகிறது. போர்க்களம் கதை சொல்ல வசதியானது: தொடக்கம், நடு, முடிவு. பதவிக்காலத்துக்கு அந்த வசதி இல்லை.

உயர்பதவி பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. எட்டாண்டு என்றால் 2,922 நாள். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்றாலும் மூவாயிரம் பக்கம். ஒபாமா ஒரே நூலாக ஐந்நூறு பக்கத்தில், ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டதாக முன்னுரையில் சொல்கிறார். 2020 நவம்பரில் வந்த முதல் தொகுதி எழுநூறு பக்கத்தைத் தாண்டியும் 2011 மே மாதத்தோடு நின்றுவிட்டது. கையால்தான் எழுதினார். கணினியில் அடித்தால் அரைவேக்காட்டு வாக்கியமும் முடிந்த வாக்கியம்போலப் பளபளக்கிறது என்பது அவர் சொல்லும் காரணம்.

பக்கம் பெருக்கத்துக்குப் பயந்து பலர் பொருள்வாரியாகப் பிரித்துவிடுகிறார்கள்: பொருளாதாரம் ஒரு அத்தியாயம், வெளியுறவு ஒரு அத்தியாயம். படிக்கச் சுகமாக இருக்கும், பதவியின் உண்மை மட்டும் போய்விடும். 2011 ஏப்ரல் 29 காலையில் ஒபாமா பின் லேடன் தாக்குதலுக்கு உத்தரவு கொடுத்தார். கொடுத்த கையோடு அலபாமாவில் சூறாவளி பாதித்த ஊரைப் பார்க்கப் போனார். மறுநாள் இரவு பத்திரிகையாளர் விருந்தில் நகைச்சுவைப் பேச்சு. அதற்கடுத்த நாள் தாக்குதல். பொருள்வாரி நூலில் இந்த மூன்றும் மூன்று அத்தியாயத்துக்குப் பிரிந்துபோகும். தப்பான முடிவுகள் பல முட்டாள்தனத்தால் வருவதில்லை, அதே பிற்பகலில் இன்னும் நான்கு விஷயம் மேஜையில் இருந்ததால் வருகின்றன. பொருள்வாரி நூல் கையில் கிடைத்தால் ஒரு தாளில் தேதிகளை மட்டும் குறித்துக்கொண்டு வரிசைப்படுத்திப் பாருங்கள், ஆசிரியர் சொல்லாத நெருக்கடி தானாகத் தெரியும்.

படிக்கும்போது கவனிக்கச் சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. தமிழில் எழுதப்பட்டதோ பெயர்க்கப்பட்டதோ, வினைமுற்றைப் பாருங்கள். வெற்றியின்போது ‘நான் முடிவெடுத்தேன்’. சுமாரான விளைவுக்கு ‘நாங்கள் கருதினோம்’. சொதப்பலுக்கு ‘முடிவு எடுக்கப்பட்டது’. செயப்பாட்டு வினை வந்தாலே எடுத்தவர் யார் என்று பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடலாம். அடுத்தது மேற்கோள்குறிக்குள் வரும் உரையாடல். இருபதாண்டுக்கு முந்தைய பேச்சு சொல்லுக்குச் சொல் இருந்தால், அறையில் குறிப்பெடுப்பவர் இருந்தாரா, ஆசிரியருக்கு டைரிப் பழக்கம் உண்டா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அது நாடக வசனம். பொய் என்று சொல்லவில்லை, சாரம் சரியாக இருக்கலாம், சொற்கள் இன்றைய சொற்கள். ‘நான் அப்போதே எச்சரித்தேன்’ என்ற வாக்கியம் வரும் இடத்தில் அன்றைய தேதியிட்ட கடிதமோ பேச்சோ கூடவே இல்லையென்றால் அதைக் கடனாக எழுதிவையுங்கள், வரவில் வைக்க வேண்டாம்.

நன்றியுரையை முதலில் படிப்பது உபயோகமான பழக்கம். யார் ஆவணம் தேடிக் கொடுத்தார், யார் வரைவைப் படித்தார், எந்தப் பழைய செயலருக்கு நன்றி என்பதிலிருந்து நூலின் கண் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். சிங்கப்பூரின் லீ குவான் யூ தன் நினைவுநூலின் வரைவுகளை மனைவி வரிவரியாகத் திருத்தியதைச் சொல்கிறார். அவர் நடை ஏன் அவ்வளவு சுருக்கம் என்பதற்கு அது ஒரு விடை. அடுத்துப் பெயரடைவு. முக்கியமான சகா ஒருவருக்கு எத்தனை பக்க எண், எதிரிக்கு எத்தனை என்று பார்த்தாலே பாதி அரசியல் விளங்கும். தமிழ்ப் பதிப்புகள் பலவற்றில் பெயரடைவே இருப்பதில்லை, மொழிபெயர்ப்புகளில் மூலத்தில் இருந்ததையும் வெட்டிவிடுகிறார்கள். பத்துப் பக்கக் காகிதம் மிச்சம். அறுநூறு பக்க நூலில் ஒரு பெயரைத் தேடி அலைகிறவருக்குத்தான் அந்த மிச்சத்தின் விலை தெரியும்.

பீகார் கோப்புக்கு வருவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 20 ஆண்டு தாண்டிய சங்கதிகளைப் பெரும்பாலும் தர வேண்டும் என்று ஒரு உட்பிரிவு உண்டு, அமைச்சரவைக் காகிதங்களுக்கு அதிலிருந்து விலக்கு. நிரந்தரமாக வைக்க வேண்டிய கோப்புகள் 25 ஆண்டு ஆனதும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்பது 1997ஆம் ஆண்டு விதி. ரகசிய முத்திரை நீங்காதவரை அதுவும் நகராது. 2005 மே 22 இரவு 11 மணிக் கூட்டத்தின் கோப்புக்கு 2030இல் 25 வயது ஆகும். அது வெளியே வந்தால், கலாமின் அத்தியாயத்தை இடது கையிலும் பச்சைத் தாளை வலது கையிலும் வைத்துக்கொண்டு அந்த 118 நிமிடத்தைப் படிக்கலாம்.